காத்தி கிராமத்துக் கோடுகள்

காத்தி கிராமத்துப் பழைய வீடுகளுக்குப் புகைபோக்கி கிடையாது. கூரை முழுக்கக் கற்பலகைகள். ஒன்றன்மேல் ஒன்று ஏறினாற்போல அடுக்கியவை. அடுப்பில் ஓக் விறகு பற்றிக்கொண்டதும் அந்தக் கற்களின் இடுக்கெல்லாம் புகை கசியும். விடியற்காலையில் எதிர்ச்சரிவில் உட்கார்ந்து பார்த்தால் எந்த வீட்டில் அடுப்பு மூட்டியாயிற்று, எந்த வீட்டில் இன்னும் இல்லை என்று கூரையை வைத்தே சொல்லிவிடலாம். வரைகிறவனுக்கு அது பெரிய சோதனை. புகைக்கு விளிம்பு இல்லை. ஆகவே கூரையின் விளிம்பை முழுதாக இழுக்காமல் அங்கங்கே கோட்டை விட்டுவிட வேண்டும். விட்ட இடத்தில் புகை வந்து நிற்கும்.

காத்தி இருப்பது குமாவுனில், பாகேஷ்வருக்கு வடக்கே, பிண்டாரி பனியாற்றுக்குப் போகிற பாதையில். சுமார் 2,200 மீட்டர் உயரம். அந்தப் பாதையில் ஆள் குடியிருக்கும் கடைசி ஊர். நான் அங்கே போகத் தொடங்கியது தொண்ணூறுகளின் தொடக்கத்தில். உத்தராகண்ட் என்ற மாநிலம் பிறந்தது 2000 நவம்பரில்தான். அதுவரை அது உத்தரப் பிரதேசத்தின் ஒரு மூலை. காட்கோதாமில் ரயிலை விட்டு இறங்கி, அல்மோரா, பாகேஷ்வர், பராரி என்று பஸ் மாறி மாறிப் போனால் சோங் என்ற ஊரில் சாலை முடிந்துவிடும். அதற்கு மேல் நடைதான். லோஹார்கேத்தைத் தாண்டியதும் ஏற்றம் தொடங்கும். சரயுவின் பள்ளத்தாக்கு முதுகுக்குப் பின்னால் தாழ்ந்துகொண்டே போகும். டாகுரிக் கணவாயின் தலையில் ஏறி நின்றால் அந்தப் பக்கம் பிண்டரின் பள்ளத்தாக்கு, எதிரே 6,803 மீட்டர் மைக்தோலி.

மலையேற வருகிறவர்கள் எல்லோரும் அந்த இடத்தில் நின்றுவிடுவார்கள். நானும் நின்றிருக்கிறேன், வரைந்திருக்கிறேன். ஆனால் பனிச்சிகரம் வரைவதற்கு எளிது. அது அசைவதில்லை, வெண்மைக்குக் காகிதமே போதும், நிழல் விழும் பக்கத்துக்குக் கொஞ்சம் நீலம் கரைத்துவிட்டால் பார்க்கிறவர்கள் மெச்சுவார்கள். கீழே இறங்கிக் காத்தியின் முதல் முற்றத்துக்குள் நுழைந்ததும் அந்தச் சலுகையெல்லாம் போய்விடும். ஒரு முற்றத்தில் என்னென்ன இருக்கின்றன: கல்லில் குடைந்த உரல், சாய்த்து வைத்த உலக்கை, உலரும் மிளகாய், இறவாரத்தில் கொத்துக் கொத்தாகத் தொங்கும் மக்காச்சோளக் கதிர், கூரைமேல் பழுத்த பூசணி, கட்டிய எருமை, அதன் கன்று, இவற்றுக்கு நடுவே நில்லாமல் போய்வரும் ஆட்கள். எதுவும் காத்திருக்காது.

படம் வரையும் ஆசையை எனக்குத் தந்தவர் ஓவியர் சில்பி. ஆனந்த விகடனில் வந்த 'தென்னாட்டுச் செல்வங்கள்' பக்கங்களைத் தாத்தா சேர்த்துத் தைத்து வைத்திருந்தார். ஒரு சிற்பத்தின் இடையணியை வரைய அந்த மனிதர் எத்தனை நாழிகை உட்கார்ந்து பார்த்திருப்பார் என்று அரைக்கால் சட்டை வயதிலேயே மலைத்திருக்கிறேன். கோயில் தூணுக்கு அவர் கொடுத்த பொறுமையை நான் ஒரு மாட்டுத் தொழுவத்துக்குக் கொடுக்க வேண்டும். காத்தியில் எனக்கு நானே வைத்துக்கொண்ட நியமம் அது.

இமயமலையை வரைந்த முதல் ஐரோப்பியர்களில் தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமும் உண்டு. 1789ல் கட்வாலின் ஸ்ரீநகர்வரை போனார்கள். சில ஆண்டுகள் கழித்து நம் பக்கம் வந்து மதுரையையும் திருச்சி மலைக்கோட்டையையும் வரைந்தவர்களும் அவர்களே. தேர்ந்த கைகள், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தக் காலத்து மலைக்காட்சிகளில் மனிதர்கள் பெரும்பாலும் மலை எவ்வளவு உயரம் என்று காட்டுவதற்காக நிற்கிறார்கள். கையில் வைத்திருப்பது என்ன கருவி, காலையிலிருந்து செய்த வேலை என்ன, சுமையை எங்கே கொண்டுபோய் இறக்கப் போகிறார்கள் என்று தெரிவதில்லை. எனக்கு அதுதான் தெரிய வேண்டியிருந்தது.

அக்டோபர் மாதக் காத்தியைப் பார்க்காதவர்களுக்கு அந்த நிறத்தை எப்படிச் சொல்வது? மலைச்சரிவில் படிப்படியாக இறங்கும் சிறு வயல்களில் ராம்தானா விளைந்து நிற்கும். நம் தண்டுக்கீரையின் இனம், விதைக்காக வளர்ப்பது. கதிர் முற்றும்போது வயல் முழுக்கக் கருஞ்சிவப்பாகிவிடும். ஒரு வயல் சிவப்பு, அடுத்தது கேழ்வரகின் பழுப்பு, அதற்கடுத்தது அறுத்துவிட்ட வெறும் மண். அலிசரின் கிரிம்சன் குழாய் ஒன்று அந்தப் பருவத்துக்குள் தீர்ந்துபோகும். கேழ்வரகும் கொள்ளும் குதிரைவாலியுமே அங்கே சாப்பாடு. கேழ்வரகு ரொட்டி, அதன்மேல் நெய், பக்கத்தில் கொள்ளுப் பருப்பு, கஞ்சா விதை அரைத்த துவையல். தென்னாட்டு வயிறு அந்தச் சோற்றை வேற்றாளாக நினைக்கவில்லை.

அதே மாதம் புல் அறுப்பு. பனி விழுந்து சரிவெல்லாம் மூடுமுன் குளிர்காலம் முழுவதற்கும் மாட்டுக்குத் தீனி சேர்த்தாக வேண்டும். விடிந்ததும் பெண்கள் அரிவாளும் கயிறுமாகக் கிளம்புவார்கள். கால் வைக்கவே கூசும் செங்குத்தில் ஒரு கையால் புல்லைப் பற்றி, மறு கையால் அறுத்து, பிடி பிடியாகப் பின்னால் போட்டபடி மேலேறுவார்கள். அப்படி அறுக்கும்போது சறுக்கி விழுந்து போனவர்களின் கதை மலையில் எல்லா ஊரிலும் உண்டு. மாலையில் திரும்பும்போது ஆளின் தலையும் தோளும் தெரியாது. இடுப்புவரை புல் மறைத்திருக்கும். ஒரு புற்கட்டுக்கு இரண்டு கால் முளைத்து இறங்கி வருகிற காட்சி அது. அதை முதுகிலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் எத்தனையோ பக்கங்களில் வரைந்திருக்கிறேன். பாதம் வைக்கும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. குதிகால் முதலில் ஊன்றாது. விரல்கள் கல்லைத் தேடித் தொட்டு, உறுதி என்று தெரிந்த பிறகே எடை இறங்கும்.

கொண்டுவந்த புல்லைத் தரையில் போட மாட்டார்கள். மரத்தின் கவையிலோ நட்ட கம்பத்தைச் சுற்றியோ, மாட்டுக்கு எட்டாத உயரத்தில் அடுக்கி, மேலே கூம்பாக முடிப்பார்கள். மழையும் பனியும் வழிந்து ஓடிவிடும். உள்ளே புல் மாசி, பங்குனிவரை உலர்ந்தே இருக்கும். ஊரைச் சுற்றியுள்ள மரங்களெல்லாம் ஐப்பசியில் புல் உடுத்தி நிற்கும்.

என் பழைய நோட்டுகளைப் புரட்டினால் முக்கால்வாசிப் பக்கங்களில் பெண்கள். தேடிப்போய் வரையவில்லை. கண்ணில் பட்ட வேலையை வரைந்தேன். கண்ணில் பட்ட வேலையெல்லாம் அவர்களுடையதாக இருந்தது. ஏர் பிடிப்பது ஆண்கள். கல் உடைப்பது, ஆட்டை ஓட்டிக்கொண்டு மேலே புல்வெளிகளுக்குப் போவது, பயணிகளின் சுமை தூக்குவது அவர்கள். பட்டாளத்துக்குப் போனவர்கள் வீட்டுக்கு வீடு உண்டு. இருந்தாலும் தண்ணீர், விறகு, புல், சாணம், களையெடுப்பு, உரல், அடுப்பு என்று ஓர் ஊர் நாள்தோறும் உயிரோடு இருப்பதற்கான வேலை பெண்கள் கையில் இருந்தது. அரைமணி நேரம் தங்கிவிட்டுப் போகிறவர் கண்ணுக்கு இது படாது. ஒரு முற்றத்தை வரைந்து முடிக்க ஆகும் நேரத்தில் ஒரே பெண் அந்த முற்றத்தை எத்தனை முறை கடக்கிறாள், ஒவ்வொரு முறையும் கையில் வேறென்ன இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தால்தான் தெரியும்.

நான் வழக்கமாகத் தங்கிய வீட்டில் ஒரு கிழவி இருந்தார். பாட்டியை அங்கே 'ஆமா' என்று கூப்பிடுவார்கள். அவர் பேசுவது குமாவுனி; பேரன் அதை இந்தியில் சொல்வான். ஒரு நாள் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்று பார்த்தார்.

"புல்லை வரையவா இத்தனை தூரம் வந்தாய், பேட்டா? உங்கள் ஊரில் புல் இல்லையா?"

"இருக்கிறது, ஆமா."

"யார் அறுக்கிறார்கள்?"

"பெண்கள்தான்."

சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு தாளில் விரல் வைத்தார். "இந்த முடிச்சை நன்றாகத் தெரிகிற மாதிரி போடு. முடிச்சு நெற்றிப் பக்கம் வர வேண்டும். இறக்கும்போது ஒரே கையால் அவிழ்க்க வேண்டுமே." தன்னை வரையக் கேட்டபோது மட்டும் மறுத்துவிட்டார். எருமையை வரையச் சொன்னார். பால் கறக்கிற எருமை, அதற்குப் படம் இருக்கட்டும் என்றார். வரைந்த தாளை வாங்கித் தொழுவத்துக் கதவின் உட்பக்கம் சோற்றுப் பசையால் ஒட்டிவைத்தார்.

அந்த வீடு மற்ற வீடுகளைப் போலத்தான். கீழே மாடு, மேலே மனிதர். மாட்டின் உடற்சூடு மேல்தளத்துப் பலகை வழியே ஏறும். பனிக்காலத்தில் அது பாதி கணப்பு. மாடிக்குக் கல்படி. வாசல் மிகத் தணிந்தது, குனியாமல் நுழைய முடியாது. ஆனால் அந்தக் கதவுச் சட்டம்! குமாவுனின் தச்சர்கள் மரத்தில் செய்திருக்கும் வேலையை நம் செட்டிநாட்டு நிலைகளுக்கு அருகில் தயங்காமல் வைப்பேன். மேல்விட்டத்தின் நடுவில் பிள்ளையார். இரண்டு பக்கச் சட்டங்களிலும் அடுக்கடுக்கான பட்டைகள்: வெளியே முறுக்கிய கயிறு, அதையடுத்துத் தாமரை இதழ், அதற்குள் கொடி, கடைசியில் மணிவரிசை. பல தலைமுறை அடுப்புப்புகை ஏறி மரம் கறுத்திருந்தது. கை பட்டுப் பட்டு இடுப்பு உயரத்தில் மட்டும் மெருகு ஏறி மினுங்கும். அந்த வாசலைப் பட்டை பட்டையாகப் பிரித்து, தனித்தனித் தாளில் அளவோடு வரைந்துகொண்டேன்.

ஊருக்குக் கீழே, பிண்டரில் போய் விழும் ஓடை ஒன்றில் தண்ணீர்த் திரிகை ஓடிக்கொண்டிருந்தது. கராட் என்பார்கள். சின்னக் கல்குடில். உள்ளே இருட்டு, சிலந்தி வலைகள்கூட மாவு படிந்து வெள்ளையாகத் தொங்கும். ஓடையை மேலே மடக்கி, குடைந்த மரத்தொட்டி வழியே சரிவாக இறக்குகிறார்கள். குடிலுக்கு அடியில் படுக்கைவசமாக ஒரு மரச்சக்கரம். அதன் துடுப்புகளில் தண்ணீர் அறைந்ததும் அச்சு சுழல்கிறது. அச்சோடு மேல்கல் சுழல்கிறது. கீழ்க்கல் அசையாமல் கிடக்கிறது. கல்லுக்கு மேலே தானியம் நிரப்பிய கூம்புக் கூடை தொங்கும். அதிலிருந்து ஒரு குச்சி நீண்டு மேல்கல்லைத் தொட்டுக்கொண்டிருக்கும். கல் சுற்றச் சுற்றக் குச்சி துள்ளும். துள்ளத் துள்ளக் கூடை குலுங்கும். குலுங்கக் குலுங்கத் தானியம் கல்லின் கண்ணில் சிறுகச் சிறுக விழும். தண்ணீர் பெருகினால் கல் விரையும், குச்சி மேலும் துள்ளும், தானியமும் கூடுதலாக இறங்கும். தண்ணீர் குறைந்தால் தானியமும் குறையும். பக்கத்தில் நின்று கவனிக்க ஆள் வேண்டாம். தானியத்தைக் கொட்டிவிட்டுப் புல்லறுக்கப் போய்விடுவார்கள். திரும்பும்போது மாவு தயார். கூலியும் மாவாகவே. அந்தத் திரிகைக்கு ஒரு காலைப்பொழுது முழுவதும் கொடுத்தேன். அந்தச் சிறு குச்சி எதற்காக இருக்கிறது என்று விளங்கிய பிறகே படத்தில் எங்கே கோடு அழுத்தமாக விழ வேண்டும் என்று கைக்குத் தெரிந்தது. இத்தனை நேர்த்தியான அறிவை ஒரு குச்சிக்குள் வைத்தவர்களின் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

ஆமாவின் பேரன் அப்போது பள்ளிக்கூடத்துப் பையன். அந்த ஊர்களில் எழுதப் பழகிய முறையை அவன் கையில்தான் பார்த்தேன். மரப்பலகையில் கரி பூசி, கண்ணாடிப் பாட்டிலின் அடியால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றுவார்கள். கமேட் என்ற வெள்ளை மண்ணைத் தண்ணீரில் கரைத்து மசி. ரிங்கால் என்று அங்கே சொல்லும் மெல்லிய மலைமூங்கிலைச் சாய்வாகச் சீவினால் பேனா. அதே ரிங்காலில்தான் அவர்களுடைய கூடையும் பாயும் முறமும். அந்த வட்டாரத்து ஆண்கள் குளிர்காலத்தில் உட்கார்ந்து செய்யும் கைவேலை அது. என் பென்சில்களைக் கொஞ்ச நேரம் ஆராய்ந்த பையன் உள்ளே போய் அரிவாளோடு வந்தான். ரிங்கால் துண்டு ஒன்றை எடுத்து மூன்றே வெட்டில் நுனி சீவி, முனையை நடுவில் கீறி, என் கையில் கொடுத்தான். அதை இந்தியன் இங்க்கில் தோய்த்து இழுத்துப் பார்த்தேன். கீழே இழுத்தால் கோடு தடிக்கிறது. பக்கவாட்டில் ஓட்டினால் மெலிகிறது. மசி தீரும் இடத்தில் கோடு பிரிந்து, கல்லின் சொரசொரப்பு தானாக வருகிறது. கற்கூரைக்கும் கல்சுவருக்கும் முண்டு விழுந்த ஓக் மரத்துக்கும் அப்படியொரு பேனாவை எந்தக் கடையிலும் நான் வாங்கியதில்லை. அதற்குப் பிறகு காத்தியில் பென்சிலைக் குறைத்துக்கொண்டேன்.

மேலே, பனியாற்று வழியில், துவாலிக்கும் புர்கியாவுக்கும் போன நாட்களும் உண்டு. புர்கியாவின் காலைக் குளிரில் நீர்வண்ணம் தாளிலேயே உறைந்து ஊசி ஊசியாகப் பனிக்கோலம் போடும். சில தாள்களில் அந்தத் தடம் இன்றும் இருக்கிறது. ஆனால் மேலே நடந்ததில் எனக்கு நெஞ்சில் நிற்பது பனியாறு அல்ல, எதிரே இறங்கி வந்த மந்தைகள். கோடை முழுவதும் உயரத்துப் புல்வெளியில் மேய்த்துவிட்டு இலையுதிர் காலத்தில் ஆடுகளைக் கீழே ஓட்டி வருகிற இடையர்களை அன்வால் என்பார்கள். நடந்துகொண்டே கம்பளி நூற்பார்கள். தோளில் கம்பளி, கையில் சுழலும் தக்ளி. கண் ஆட்டின்மேல், கால் பாதைமேல், விரல்கள் மட்டும் தம்பாட்டில் நூலை இழுத்தபடி. காவல்நாயின் கழுத்தில் முள் வைத்த இரும்புப் பட்டை, சிறுத்தை கழுத்தைக் கவ்வாமல் இருக்க.

சுமை தூக்கி என்னோடு நடந்தவர் காத்திக்காரர், என்னைவிட மூத்தவர். பாகேஷ்வரில் சரயுவும் கோமதியும் கூடும் படித்துறையில் ஒரு முறை நின்று காட்டினார். குமாவுன் மக்கள் வெள்ளைக்கார அதிகாரிகளின் மூட்டை முடிச்சுகளைக் கூலியின்றிச் சுமக்க வேண்டும் என்று ஒரு கொடுமை இருந்தது. யார் எந்த நாளில் சுமக்க வேண்டும் என்பதற்கு ஊர்தோறும் பதிவேடு. 1921 ஜனவரியில் மகர சங்கராந்தியை ஒட்டி நடந்த உத்தராயணித் திருவிழாவில், பத்ரி தத் பாண்டே போன்றவர்கள் முன்னே நிற்க, ஊர்த் தலைவர்கள் அந்தப் பதிவேடுகளைக் கொண்டுவந்து ஆற்றில் வீசினார்கள். நம் ஊரில் பொங்கல் பொங்கிக்கொண்டிருந்த நாட்கள் அவை. அந்த வழக்கம் அத்தோடு சரிந்தது. "எங்கள் தாத்தாமார் எறிந்தது இங்கேதான்" என்று சொன்னபோது அவர் குரலில் இருந்த நிமிர்வை நான் மறக்கவில்லை. மலையேறப் போகிற ஒவ்வொருவரும், மூட்டையை அடுத்தவர் முதுகில் ஏற்றுமுன், அந்தப் படித்துறையில் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும் என்று எனக்கு உண்டு. அங்கே உட்கார்ந்து அவரை வரைந்தேன். அந்தப் படத்தில் மலை இல்லை.

இப்போது பாதை மாறிவிட்டது. 2013 ஜூன் வெள்ளம் பிண்டர் கரையோர வழியைப் பல இடங்களில் அறுத்துக்கொண்டு போனது. சாலை கர்கியாவரை வந்துவிட்டது; டாகுரி ஏற்றத்தில் வேர்க்காமலே காத்திக்குப் பக்கத்தில் ஜீப்பில் போய் இறங்கலாம். இதைக் குறையாகச் சொல்லவில்லை. பிரசவ வலி கண்ட பெண்ணைக் கட்டிலில் கட்டித் தூக்கிக்கொண்டு கணவாய் ஏறிய ஊர் அது. சாலை வரட்டும். ஆனால் சாலை வந்த வழியே ஆளும் இறங்கிப் போகிறது. 2011 கணக்கெடுப்பில் பக்கத்து அல்மோரா மாவட்டத்திலும் கட்வாலின் பௌரி மாவட்டத்திலும் மக்கள்தொகை முந்தையதைவிடக் குறைந்திருந்தது. மாநில அரசு இதற்கென்று அமைத்த ஆணையம் 2018ல் சொன்ன கணக்கு இன்னும் கொடியது: 2011க்குப் பிறகு மட்டும் 734 ஊர்களில் ஆளே இல்லாமல் போயிற்று. காத்தி அந்தக் கணக்கில் சேரவில்லை. பயணிகள் வருவதால் அதற்கு ஒரு பிடிமானம் இருக்கிறது. ஆனால் அங்கே போகும் வழியிலுள்ள ஊர்களில் பார்க்கலாம்: பூட்டிய வீட்டில் முதலில் போவது கூரைக்கல். ஒரு பலகை சரிந்து மழைநீர் உள்ளே இறங்கினால் உத்தரம் உளுத்து, சில பருவங்களில் சுவரும் விழுகிறது. அடுப்பு எரிந்தவரை புகை அந்த மரத்தைப் பூச்சியிடமிருந்து காத்துக்கொண்டிருந்தது என்று ஊர்க்காரர்கள் சொல்வார்கள்.

ஆமா போய்ப் பல ஆண்டுகளாகிவிட்டன. பேனா சீவித் தந்த பேரன் இப்போது பராரிக்கும் கர்கியாவுக்கும் ஜீப் ஓட்டுகிறான். மாடியில் இரண்டு அறையைப் பயணிகளுக்கு ஒழித்து விட்டிருக்கிறான். நடுவில் வீட்டில் கஷ்டம் வந்தபோது யாரோ சமவெளியிலிருந்து வந்து அந்தக் கதவுச் சட்டத்தை விலை பேசி வாங்கிப் போய்விட்டார்கள். இரும்புக் கதவு போட்டான். போன வருஷம் போன் செய்து, "தாஜ்யூ (அண்ணா), ஆமாவின் வாசலை நீங்கள் வரைந்தீர்களே, அது இருக்கிறதா?" என்று கேட்டான். பட்டை பட்டையாக, அளவோடு இருக்கிறது என்றேன். எல்லாத் தாளையும் படியெடுத்து அனுப்பினேன். பாகேஷ்வர் பக்கம் செதுக்கு வேலை தெரிந்த பெரியவர் ஒருவரைப் பிடித்திருக்கிறான். நல்ல மரம் கிடைப்பது கஷ்டம், உள்பட்டையின் மணிவரிசைக்கு மட்டும் நாள் பிடிக்கும் என்று அவர் சொல்லியிருக்கிறார். வாசலின் உயரத்தைக் கூட்டவா என்று தச்சர் கேட்டாராம். வேண்டாம், குனிந்தே நுழையட்டும் என்று பையன் சொல்லிவிட்டான். இந்த ஐப்பசியில், புல் அறுப்பு முடிந்ததும், வேலை தொடங்குகிறது.